துப்பாக்கி சுடக் கத்துக்கும்போது எந்தக் கண்ணு? கடலூர், பாண்டி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

கடலூர், பாண்டி பக்கம் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் கத்துக்க வர்ற பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குற வேலை என்னுது. ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூர்ல பொறந்தவங்கன்னு தெரிஞ்சதுலேர்ந்து (வளந்தது குஜராத்ல, டோக்கியோ பாரிஸ்னு ரெண்டு ஒலிம்பிக் போயிட்டாங்க) பிள்ளைங்கள கூட்டிட்டு வர்ற அப்பா அம்மா ஜாஸ்தியாயிட்டாங்க, ரொம்ப சந்தோஷம். அவங்க கேக்குறதையும் என்சிசி பசங்க கேக்குறதையும் சேத்து இங்க எழுதிட்டேன். எல்லாத்துக்கும் முன்னாடி ஒன்னு சொல்லிடுறேன், துப்பாக்கிய எந்தத் தோள்ல வைக்கிறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பிள்ளையோட கண்ண டெஸ்ட் பண்ணுங்க, முதல் நாளே பண்ணுங்க.

டாமினன்ட் கண்ணுன்னா என்னங்க?

நமக்கு ரெண்டு கண்ணு, நடுவுல சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி. அதனால ரெண்டு கண்ணும் ஒரே பொருளை கொஞ்சம் கொஞ்சம் வேற கோணத்துல பாக்குது. சாதாரணமா பாக்குறப்ப மூளை ரெண்டையும் சேத்துக்கும், பிரச்சனையே இல்ல. ஆனா பக்கத்துல இருக்குற ஒன்னையும் தூரத்துல இருக்குற ஒன்னையும் ஒரே கோட்டுல கொண்டு வரணும்னா ஒரு கண்ணோட கோட்டத்தான் மூளை எடுத்துக்கும், அதுதான் டாமினன்ட் கண்ணு. மூணு பேர்ல ரெண்டு பேருக்கு வலது, மிச்சம் இருக்குறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மேல இடது, கொஞ்சம் பேருக்கு ரெண்டுலயும் சேராம நடுவுல நிக்கும்.

இது பவர் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல. கண் டாக்டர் போர்டுல கடைசி வரி வரைக்கும் படிக்கிற கண்ணு ஒன்னா இருக்கும், குறி பாக்குற கண்ணு இன்னொன்னா இருக்கும். "எம்புள்ளைக்கு ரெண்டு கண்ணும் சூப்பரா தெரியும் சார், டெஸ்ட்லாம் எதுக்கு"ன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில்.

வலது கைப் பழக்கம்னா வலது கண்ணுதானே?

அப்படி ஒரு கட்டாயமும் இல்ல. பத்துல ஒம்பது பேர் வலது கைக்காரங்க, ஆனா வலது கண்ணு டாமினன்ட்டா இருக்குறது மூணுல ரெண்டு பேருக்குத்தான், அப்ப நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க எத்தனை வலது கைக்காரங்களுக்கு இடது கண்ணு இருக்கும்னு. ஒரு பேட்ச் பசங்க வந்தா அதுல ரெண்டு மூணு பேராவது கை ஒரு பக்கம் கண்ணு ஒரு பக்கம்னு இருப்பாங்க. இத கிராஸ் டாமினன்ஸ்னு சொல்லுவாங்க. நோயும் இல்ல, குறையும் இல்ல, கவலைப்படாதீங்க.

வீட்லயே எப்படி டெஸ்ட் பண்றது?

துப்பாக்கி வேண்டவே வேண்டாம். செவுத்துல தினசரி காலண்டர் மாட்டியிருப்பீங்கல்ல, அதுலேர்ந்து பத்து அடி தள்ளி பிள்ளைய நிக்க வைங்க. ரெண்டு கையையும் நேரா முன்னாடி நீட்டச் சொல்லுங்க, ரெண்டு உள்ளங்கையையும் ஒன்னு மேல ஒன்னு வச்சு கட்டைவிரலுக்கு நடுவுல அம்பது காசு அளவுக்கு ஒரு ஓட்டை வர்ற மாதிரி பண்ணச் சொல்லுங்க, ரெண்டு கண்ணும் தொறந்தே இருக்கணும், அந்த ஓட்டை வழியா தேதி நம்பரைப் பாக்கச் சொல்லுங்க. இப்ப நம்பரை விடாமப் பாத்துக்கிட்டே கைய மெதுவா மூஞ்சிகிட்ட கொண்டு வரச் சொல்லுங்க. ஓட்டை தானா ஒரு கண்ணுகிட்ட போயி நிக்கும். அதுதான்.

இதவிட நல்ல வழி ஒன்னு இருக்கு, காலண்டருக்குப் பதிலா நீங்க எதிர்ல நின்னு "என் மூக்கப் பாருடா"ன்னு சொல்லுங்க. ஓட்டைக்குள்ள எந்தக் கண்ணு தெரியுதுன்னு நீங்களே பாத்துடலாம், பிள்ளை யோசிச்சு பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. ஏன் சொல்றேன்னா சில பசங்க வலது கண்ணுன்னு சொன்னாத்தான் கரெக்ட்னு நெனச்சு அதையே சொல்லிடுவாங்க.

ஒரு தடவை பண்ணிட்டு விட்டுடாதீங்க. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, கிட்டக்க, தூரக்க, மறுநாள் ஒரு தடவைன்னு பாருங்க. நேரா நின்னு நேராப் பாக்கணும், தலையைத் திருப்பி ஓரக்கண்ணால பாத்தா ரிசல்ட் மாறிடும், ஏன்னா பார்வை ஒரு பக்கமா போகப் போக அந்தப் பக்கக் கண்ணு முன்னாடி வந்துரும்.

கடைசியா ஒரு கண்டிப்பான விஷயம். சிலர் காலி துப்பாக்கிய பிள்ளை கையில குடுத்து "என் மூஞ்சிய குறி பாரு, எந்தக் கண்ணுன்னு நான் சொல்றேன்"னு பண்றாங்க. தயவு செஞ்சு பண்ணாதீங்க. காலின்னு நம்புன துப்பாக்கிலேர்ந்துதான் பெல்லட் (ஏர் துப்பாக்கியோட குண்டு) வரும். 4.5 மில்லிமீட்டர் பெல்லட் கண்ணுல பட்டா அந்தக் கண்ணு போச்சு.

சில்வர் பீச்ல பலூன் சுடுறப்ப நல்லா சுடுறான், அப்ப கண்ணு சரியாத்தானே இருக்கு?

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சோ திருவிழாக் கடையோ, பலூன் ரொம்ப கிட்டக்க இருக்கும், பலூனும் பெருசு. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்ல 10 பாயின்ட்டுங்கறது அரை மில்லிமீட்டர் புள்ளி, அதோட இத ஒப்பிடவே முடியாது. பலூன் கடை துப்பாக்கில சைட்டும் (குறி பாக்க மேல வச்சிருக்குற அமைப்பு) பாதி நேரம் வளைஞ்சுதான் இருக்கும்.

ஆனா பலூன் கடையில வேற ஒன்னு கவனிக்கலாம். பிள்ளை சுடுறப்ப பலூனப் பாக்காதீங்க, மூஞ்சியப் பாருங்க. வலது தோள்ல துப்பாக்கியோட பின்பக்கக் கட்டைய வச்சுட்டு கழுத்த அப்படியே மடக்கி இடது கண்ணக் கொண்டு போயி சைட்டுக்குப் பின்னாடி வைக்கிறானான்னு பாருங்க. அப்படிப் பண்ணா அவன் கண்ணு எதுன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு.

ரைஃபிள்ல கண்ணு மாறினா என்னதான் ஆகும்?

முதல்ல கழுத்து. ரைஃபிள் கட்டையில கன்னம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே இடத்துல உக்காரணும், அப்பதான் கண்ணு, பின்னாடி பீப் சைட் ஓட்டை, முன்னாடி வளையம், கருப்பு வட்டம் நாலும் ஒரே கோட்டுல வரும். இடது கண்ணு டாமினன்ட்டா இருக்குற பிள்ளை வலது தோள்ல வச்சா, மூளை இடது கண்ணத் தேடிக்கிட்டே இருக்கும், கன்னம் நழுவும், தலை கட்டைக்கு மேல சாயும், ஷாட்டுக்கு ஷாட் கொஞ்சம் மாறும். கோச் வந்து "தலைய நேரா வை"ன்னு சொல்லுவாரு, பிள்ளை நேரா வைக்கும், ரெண்டு ஷாட்ல திரும்ப சாஞ்சிரும். கோச் கத்துவாரு. பிள்ளை அழும். தப்பு ரெண்டு பேர் மேலயும் இல்ல, முதல் நாள் செய்யாத அந்த ஒரு நிமிஷ டெஸ்ட்லதான்.

கடலூர் முதுநகர்லேர்ந்து ஒரு பாப்பா வந்துச்சு, ஏழாவது படிக்குது. ரொம்ப அமைதியான பொண்ணு, மூச்சு விடுறது, டிரிகர் அழுத்துறது எல்லாம் அழகா பண்ணும், ஆனா பேப்பர்ல பெல்லட் ஓட்டை சிதறிக் கெடக்கும். நான் பேப்பரப் பாக்குறத விட்டுட்டு மூஞ்சியப் பாத்தேன். கட்டை அழுத்துன செவப்புக் கோடு கன்னத்துல இல்ல, தாடைக்குக் கீழ இருக்கு. அதாவது தலைய முழுசா கட்டைக்கு மேல தூக்கி அந்தப் பக்கம் போட்டிருக்கு. "என்னம்மா தெரியுது"ன்னு கேட்டேன், "முன்னாடி வட்டம் வருது, திடீர்னு மறைஞ்சுடுது சார், திரும்ப வருது"ன்னுச்சு. அந்த மறையுது, திரும்ப வருதுங்கற வார்த்தைய எந்தப் பிள்ளை சொன்னாலும் உடனே கண்ண டெஸ்ட் பண்ணுங்க. ரெண்டு கண்ணும் மாறி மாறி இழுக்குறப்ப அப்படித்தான் தெரியும். அந்தப் பாப்பா இடது கண்ணு. தோள மாத்திக் குடுத்தோம், தலை தானா நேரா உக்காந்துச்சு.

அப்ப தோள மாத்தியே ஆகணுமா?

புதுசா ஆரம்பிக்கிற பிள்ளைன்னா, ரைஃபிள்னா, ஆமா மாத்துங்க, இதுல நான் உறுதியா இருக்கேன். கை பழகிக்கும், கண்ணு பழகாது. ரைஃபிள்ல கை செய்ற வேலையே கம்மி, ஒரு கை தாங்குது, இன்னொரு கையில ஒரு விரல் டிரிகர இழுக்குது, அவ்ளோதான். எழுதுற மாதிரி பந்து எறியுற மாதிரி நுணுக்கமான வேலை இல்ல. முதல் சில வாரம் தடுமாறும், பெல்லட் போடுறது கூட கையில நிக்காது, அப்புறம் மறந்தே போயிடும்.

வருஷக்கணக்கா வலது தோள்ல சுட்டு ஸ்டேட் மேட்ச் வரைக்கும் போனவங்கன்னா அது வேற கதை. பழகுன உடம்பக் கலைச்சா லாபத்தவிட நஷ்டம் ஜாஸ்தி ஆகலாம், அவங்க பிளைண்டர் (குறி பாக்காத கண்ணுக்கு முன்னாடி வைக்கிற சின்ன மறைப்பு) போட்டுக்கிட்டு வலது கண்ணாலயே சுடலாம். அதே மாதிரி டாமினன்ட் கண்ணுலயே பார்வை ரொம்ப கம்மின்னா நல்லாத் தெரியுற கண்ணுதான் முக்கியம். வலது தோள்ல வச்சு இடது கண்ணால பாக்குறவங்களுக்கு பெரிசாக்காத கண்ணாடி, பிரிசம் மாதிரி அமைப்ப மேட்ச் ரூல்ல அனுமதிக்கிறாங்க, அதெல்லாம் கடைசி வழி.

இன்னொன்னும் சொல்லணும். தோள மாத்தலாம்னு சொன்னா வீட்ல பெரியவங்க சில பேருக்கு மனசு ஒப்பல. "பொண்ணு இடது கையில செய்யக்கூடாது"ன்னு ஒரு பாட்டி நேராவே வந்து சொன்னாங்க. பாட்டி, சாப்பிடுறதும் எழுதுறதும் அது இஷ்டம், இது துப்பாக்கி கட்டைய எந்தப் பக்கம் சாத்துறோம்ங்கறது மட்டும்தான்னு பொறுமையா சொன்னேன், பக்கத்துல உக்காந்து ஒரு மணி நேரம் பாத்தாங்க, போறப்ப பேத்திக்கு பிஸ்கட் வாங்கிக் குடுத்து கூட்டிட்டுப் போனாங்க. பெரியவங்ககிட்ட எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க, அவங்களுக்குப் பயந்து பிள்ளைய தப்பான பக்கம் தள்ளாதீங்க.

இன்னொரு கண்ண மூடிக்கிட்டா போதாதா?

பத்து ஷாட்டுக்குப் போதும். மேட்ச்ங்கறது 60 ஷாட், எலக்ட்ரானிக் டார்கெட்ல ஒன்னேகால் மணி நேரம். ஒரு கண்ண இறுக்கி மூடுனா கன்னம், நெத்தி, தாடை எல்லாம் இழுத்துக்கும், கட்டையில கன்னம் உக்காருற இடமும் மாறும். அதோட ரெண்டு கண்ணோட பாப்பாவும் (கண்ணு நடுவுல வெளிச்சம் உள்ள போற கருப்பு ஓட்டை) சேந்துதான் வேலை செய்யும், ஒரு கண்ணுக்கு வெளிச்சம் போகலன்னா தொறந்திருக்குற கண்ணோட பாப்பாவும் கொஞ்சம் விரியும், சைட் அந்த அளவுக்கு கூர்மையா தெரியாது. ஒரு கண்ண மூடி சுடுற பிள்ளை அரை மணி நேரம் கழிச்சு கண்ணக் கசக்க ஆரம்பிக்கும், அப்பலேர்ந்து ஸ்கோர் எறங்குறத நீங்களே பாக்கலாம்.

அதனால ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சு, குறி பாக்காத கண்ணுக்கு முன்னாடி ஒரு பிளைண்டர். கருப்பா இருக்கக்கூடாது, பால் வெள்ளையா, வெளிச்சம் மட்டும் உள்ள வர்ற மாதிரி. மேட்ச்ல 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல கூடாது. கடையில வாங்கணும்னு இல்ல, ஓட்டல்ல பார்சல் சாம்பார் குடுக்குற டப்பா மூடிய கழுவி, அளவா வெட்டி, தொப்பியிலயோ கண்ணாடியிலயோ கிளிப் பண்ணிக்கங்க. ஓரத்த தேச்சு விடுங்க, கண்ணுகிட்ட கூர்மையா இருக்கக்கூடாது. நம்ம ஊர்ல கடல் காத்து, வேர்வை, டேப் போட்டு ஒட்டுனா பாதியில உரிஞ்சுரும், அதனால கிளிப் நல்லது.

பிஸ்டல்ல எப்படி?

பிஸ்டல்ல இவ்ளோ கஷ்டம் இல்ல. கைய முழுசா நீட்டி சுடுறோம், பிஸ்டல் மூஞ்சியில ஒட்டல, அதனால எந்தக் கண்ணுக்கு முன்னாடியும் கொண்டு வரலாம். வலது கை இடது கண்ணுன்னா உடம்ப ரொம்ப சைடா திருப்பாம டார்கெட்ட பாத்த மாதிரி இன்னும் கொஞ்சம் நேரா நிக்கணும், தலைய லேசா வலது பக்கம் திருப்பணும், மூக்கு இடது கண்ணோட பார்வைய மறைக்காது. கழுத்து டைட் ஆகாம எந்த நிலையில வருதோ அதையே பாதம் வச்ச இடத்தோட சேத்து மார்க் பண்ணிக்கங்க. பிஸ்டல்ல கைய மாத்தச் சொல்ல மாட்டேன், ஏன்னா ஒரே கையில தூக்கிப் பிடிக்கணும், கை நடுக்கம் முக்கியமான விஷயம்.

கைய மாத்தவே முடியாதான்னா முடியும். ஹங்கேரிக்காரர் கரோலி தகாச், ராணுவத்துல இருந்தப்ப 1938ல கிரெனேட் வெடிச்சு வலது கை போயிடுச்சு, இடது கையில கத்துக்கிட்டு 1948லயும் 1952லயும் ரேபிட் ஃபயர் பிஸ்டல்ல ஒலிம்பிக் தங்கம் வாங்குனாரு. அவருக்கு வேற வழி இல்ல, உங்க பிள்ளைக்கு இருக்கு.

பாரிஸ்ல 2024ல துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச் பாக்கெட்ல கைய விட்டுக்கிட்டு, பிளைண்டர் எதுவும் இல்லாம, ரெண்டு கண்ணும் தொறந்து வெள்ளி வாங்குன போட்டோ எல்லார் போன்லயும் வந்துச்சு. அதப் பாத்துட்டு பசங்க எல்லாத்தையும் கழட்டிட்டு நிக்கிறாங்க. அவரு பல வருஷம் உழைச்சவரு தம்பி, முதல்ல பிளைண்டரோட கத்துக்கங்க.

ஷாட்கன்ல?

இங்கதான் கண்ணோட விளையாட்டு ரொம்பத் தெளிவாத் தெரியும். பறக்குற தட்ட சுடணும், அதனால ரெண்டு கண்ணும் தொறந்திருந்தாத்தான் வேகமும் தூரமும் புரியும். ஷாட்கன்ல பின்னாடி சைட் கிடையாது, உங்க கண்ணுதான் பின் சைட். வலது தோள்ல வச்சு இடது கண்ணு குறி பாத்துடுச்சுன்னா குழல் தட்டுக்கு இடது பக்கமாத்தான் பாத்துக்கிட்டு இருக்கும். கண்ணுக்குக் கண்ணு 6 சென்டிமீட்டர், கண்ணுலேர்ந்து குழல் நுனி சுமார் 1 மீட்டர்னு வச்சா 20 மீட்டர் தூரத்துல ஒரு மீட்டருக்கு மேல இடது பக்கம் தள்ளிப் போகும். தட்டு தப்பிச்சு போயிடும், சுட்டவருக்கு எல்லாம் கரெக்டா இருந்த மாதிரியே தோணும். பாண்டி, கடலூர்லேர்ந்து ட்ராப் (பறக்குற தட்ட ஷாட்கன்ல சுடுற ஒரு போட்டி) கத்துக்கணும்னா வெளியூர்தான் போகணும், ஆனா புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்ல ட்ராப்ல சுட்டாரு, தமிழ்நாட்டுப் பசங்களுக்கு ஆசை வர்றது நியாயம்தான்.

என்சிசியில இடது தோள்ல சுட விடுவாங்களா?

உங்க பிஐ ஸ்டாஃப்கிட்ட (பயிற்சி குடுக்குற ராணுவக்காரங்க) ஃபயரிங் நாளுக்கு முன்னாடியே சொல்லுங்க, படுத்ததுக்கு அப்புறம் சொல்லாதீங்க. .22 ரைஃபிள்ல போல்ட் (ஒவ்வொரு ரவுண்டுக்கும் இழுத்துத் தள்ளுற கைப்பிடி) வலது பக்கம் இருக்கு, இடது தோள்ல வச்சா போல்ட் இழுக்க கைய மேல கொண்டு போகணும், ஒவ்வொரு ரவுண்டுக்கும் பொசிஷன் கலையும். அவங்க வலது தோள்தான்னு சொல்லிட்டா மல்லுக்கு நிக்காதீங்க, ரேஞ்சுல அவங்க சொல்றதுதான் சட்டம். இடது கண்ண லேசா மூடியோ மறைச்சோ வலது கண்ணால சுடுங்க, ரவுண்டு கம்மிங்கறதால கண்ணு களைக்காது, குண்டெல்லாம் பக்கத்துப் பக்கத்துல விழுந்து குரூப்பிங் வரும்.

இடது கண்ண மறைச்சு வச்சு வலது கண்ண டாமினன்ட் ஆக்க முடியுமா?

யூடியூப்ல பாத்துட்டு பிள்ளை கண்ணுல துணி கட்டி விடாதீங்க. பெரியவங்களுக்கே இது மாறுறது அபூர்வம், சின்னப் பிள்ளைக்கு நல்ல கண்ண மறைச்சு வைக்கிறது ஆபத்து. சோம்பேறிக் கண்ணுன்னு (ஒரு கண்ணுல பார்வை சரியா வளராம போறது) டாக்டர் சொல்லி, அவர் சொன்ன மணிக்கணக்குல நல்ல கண்ண ஒட்டி மறைக்கிறது வேற, அது வைத்தியம், அது சின்ன வயசுல செஞ்சாத்தான் நல்லா கேக்கும். துப்பாக்கிக்காக அத செய்யக்கூடாது.

டெஸ்ட்ல ஒரு கண்ணு ரொம்ப மங்கலாத் தெரியுதுன்னு பிள்ளை சொன்னா ரேஞ்சுக்கு வராதீங்க, நேரா கண் டாக்டர்கிட்ட போங்க. நமக்கு தவளக்குப்பத்துல அரவிந்த் இருக்கு, ஜிப்மர் இருக்கு, பஸ்ஸுல போயிட்டு வந்துடலாம். சுட வந்த எடத்துல சோம்பேறிக் கண்ணு தெரியவந்து நேரத்துக்கு டாக்டரப் பாத்த பிள்ளைங்க இருக்காங்க, அதுக்காகவே இந்த டெஸ்ட முதல் நாள் பண்ணணும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்.

டெஸ்ட்ல ஒரு தடவை வலது, ஒரு தடவை இடதுன்னு வருது. எத எடுத்துக்குறது?

பயப்படாதீங்க. ஓட்டை மூக்குக்கு நேரா வந்து நிக்கிற பிள்ளைங்களும் உண்டு. அவங்களுக்கு பழக்கமான கைப் பக்கத்துத் தோள்லயே வச்சு பிளைண்டரோட ஆரம்பிங்க, ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப பாருங்க.

கண்ணாடி போட்ட பிள்ளை, அப்புறம் கண் ஆபரேஷன் பண்ண பெரியவங்க?

கண்ணாடியோடயே டெஸ்ட் பண்ணணும், கண்ணாடியோடயே சுடணும். ஒரு விஷயம், தலை முன்னாடி சாயுறப்ப கண்ணாடியோட நடுவுல பாக்காம ஓரமா, மூக்குப் பக்கமா பாக்குறோம், அங்க பவர் சரியா இருக்காது. பெரிய ஃபிரேமா போட்டா நல்லது.

பெரியவங்களுக்கு கேட்டராக்ட் ஆபரேஷன்ல ஒரு கண்ணுக்கு தூரம், இன்னொன்னுக்கு கிட்டன்னு லென்ஸ் வைக்கிறதுண்டு. நீங்க துப்பாக்கி சுடுறவங்கன்னா ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லுங்க, எந்தக் கண்ணால குறி பாக்குறீங்கன்னும் சொல்லுங்க. லென்ஸ் வச்சதுக்கு அப்புறம் சொன்னா அவங்களாலயும் பெருசா ஒன்னும் பண்ண முடியாது.

இடது கைக்கு துப்பாக்கி தனியா வாங்கணுமா? லைசென்ஸ்?

வாங்க அவசரப்படாதீங்க. நிறைய ஏர் ரைஃபிள்ல கட்டை ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தும், சீக் பீஸ (கன்னம் வைக்கிற துண்டு) மாத்தி வச்சா போதும். பிஸ்டல்ல மட்டும் கிரிப் கைக்குக் கை வேற, இடது கைன்னா இடது கிரிப்தான் வேணும், மாத்தி மாட்டலாம். .177 அங்குல (4.5 மில்லிமீட்டர்) அளவுல, பெல்லட் வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்கு மேல போகாத ஏர் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிப்படி லைசென்ஸ் தேவை இல்ல, வாங்குறப்ப அடையாள அட்டை கேப்பாங்க, குடுங்க. வாங்கி வந்து பெட்டியில பூட்டி வைங்க, பெல்லட்ட வேற எடத்துல வைங்க, மொட்டை மாடியில காக்கா சுட்டுப் பழகலாம்னு பிள்ளைக்கு யாராவது சொன்னா அந்த ஆள முதல்ல தள்ளி வைங்க.